வெந்நீர்க் கலத்தின் வடிகால்



குளியலறைச் சுவரில் பொருத்தியிருக்கும் வெந்நீர்க் கலத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச விழைகிறேன். கீசர் என்று நாம் வழங்கும் அக்கலத்தின் அடியில் ஒரு சிறு வால்வு உண்டு. நீர் சூடேறும் வேளையில் அதிலிருந்து சில துளிகள் சொட்டுவதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். ஏன் சொட்டுகிறது? இவ்வெளிய வினாவுக்கு விடை காண, பௌதிகப் பாடத்தில் பயிலும் மூன்று உண்மைகளே போதும்.

முதலாவது, நீர் சூடேறினால் விரிவடையும். 25 லிட்டர் நீரை 25 பாகையிலிருந்து 65 பாகைக்குச் சூடாக்கினால், அதன் கன அளவு சுமார் 400 மில்லிலிட்டர் மிகும். ஏறக்குறைய இரண்டு டம்ளர் நீர் தங்குவதற்கு இடம் தேடுகிறது என்று கொள்ளுங்கள்.

இரண்டாவது, காற்றை அமுக்குவது போல நீரை எளிதில் அமுக்க முடியாது. எனவே போக்கிடம் அற்ற நீர், கலத்தின் சுவரையே நெருக்குகிறது. மாடித் தொட்டியிலிருந்து குழாய் நேரே கலத்துக்கு வருமானால், விரிந்த நீர் வந்த வழியே திரும்பித் தொட்டிக்குச் சென்றுவிடும். ஆனால், நீர் பின்வாங்காதபடி தடுக்கும் ஒருவழி வால்வு குழாயில் இருந்தால் அவ்வழி அடைபடும். அப்போது அழுத்தம் விரைந்து ஏறும்.

உயரமும் இங்குக் கருதத்தக்கது. 10 மீட்டர் உயர நீர்த்தம்பம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் அழுத்தத்தைத் தரும். தொட்டிக்கு 3 மீட்டர் கீழே உள்ள குளியலறைக்கு அது சிறு சுமை. அடுக்குமாடிக் கட்டடத்தில், தொட்டிக்கு 30 மீட்டர் கீழே உள்ள வீட்டுக்கோ சுமை பத்து மடங்காகிறது. அழுத்தம் கூட்டும் பம்பு அமைந்தால் இன்னும் மிகும். ஆகவே, கலத்தின் மேல் பொறித்துள்ள அழுத்த எல்லையைப் பார்த்து வாங்குவதே அறிவுடைமை.

மூன்றாவது உண்மைதான் அபாயத்தின் வேர். அழுத்தம் மிகுந்தால் நீரின் கொதிநிலையும் உயரும். வெப்பத்தை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் பழுதுற்று, காப்பு வால்வும் அடைபட்டிருந்தால், நீர் 100 பாகையைக் கடந்தும் நீராகவே இருக்கும். 150 பாகையில் உள்ள 25 லிட்டர் நீரை எண்ணிப் பாருங்கள். கலம் பிளந்த கணத்தில் அந்நீரில் சுமார் பதினொன்றில் ஒரு பங்கு நீராவியாக மாறும். அந்நீராவிக்கு ஏறத்தாழ 3,600 லிட்டர் இடம் வேண்டும். அதனை வெடிப்பு என்றன்றி வேறு எவ்வாறு சொல்வது?

இதற்குக் காப்பு கண்டவர்களுள் முன்னோடி, டெனி பாப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர். எலும்பையும் மெதுவாக்கும் அழுத்தக் கலம் ஒன்றை அவர் 1679-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டினார். நீராவி எல்லை கடந்தால் தானே திறந்துகொள்ளும், எடை பூட்டிய வால்வையும் வகுத்தார். நம் சமையலறைக் குக்கரின் மேல் அமர்ந்திருக்கும் குண்டு அதன் வழித்தோன்றலே.

காப்பு தவறினால் நேர்வது யாது? 1982 ஜனவரி 19 அன்று, அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில், ஸ்பென்சர் என்னும் ஊரின் தொடக்கப் பள்ளியில் வெந்நீர்க் கலம் வெடித்தது. உணவு வேளை அது. ஆறு குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் உயிரிழந்தனர்.

நான் கண்ட ஒரு வீட்டில், தரை ஈரமாகிறது என்பதற்காக வால்வின் வாயில் மரக்கட்டையைச் செருகி வைத்திருந்தார்கள். துளியை நிறுத்திவிட்டதாக அவர்களுக்கு நிறைவு. உண்மையில் அவர்கள் அடைத்தது கலத்தின் ஒரே வடிகாலை.

ஆகவே சிலவற்றை நினைவிற் கொள்க. சூடேறும்போது மட்டும் சில துளி சொட்டினால் அது பழுதன்று. அந்நீரைச் சிறு குழாய் வழியே கீழ்நோக்கி வடிகாலுக்கு விடுக. அக்குழாயின் முனையில் திருகு குழாயோ மூடியோ கூடாது. குளிர்ந்த வேளையிலும் ஓயாது சொட்டினால், வால்வில் மணல் துகள் சிக்கியிருக்கலாம். அல்லது வரும் நீரின் அழுத்தமே மிகையாயிருக்கலாம். பின்னதற்கு அழுத்தங் குறைக்கும் வால்வு மருந்தாகும். விரிவுக்கு இடமளிக்க, ரப்பர்த் தடுப்பின் மறுபுறம் காற்று அடைத்த சிறு கலத்தைக் குழாயில் இணைப்பதும் உண்டு. தண்ணீர்க் குழாய் நன்றாக ஓட, வெந்நீர்க் குழாய் மட்டும் மெலிந்து ஒழுகினால், உப்பு நீரின் சுண்ணாம்புப் படிவை ஐயுறுக. அப்படிவு காப்பு வால்வையும் இறுக்கிவிடும். ஆதலின் ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்த பணியாளரைக் கொண்டு சோதிப்பது நன்று. வால்விலிருந்து ஆவி சீறினால், கலத்தைத் தொடாமல், தொலைவிலுள்ள மின் இணைப்பைத் துண்டித்து விலகி நில்லுங்கள்.

இன்று மாலை வீடு திரும்பியதும் அவ்வால்வைக் கண்ணால் பாருங்கள். அதன் வாய் அடைபட்டிருக்கக் கண்டால் மின்விசையை நிறுத்தி, பெரியவர்களிடம் காரணத்தோடு எடுத்துரையுங்கள். காரணம் அறிந்தவர் சொல்லும் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு உண்டு.