பாடம் சொல்லாத பேராசிரியர்கள்



கூலியாள் ஒரு நாள் வராவிட்டால் அன்றையக் கூலி இல்லை என்கிறோம். சர்வகலாசாலைப் பேராசிரியர் வருஷக் கணக்காகப் பாடம் சொல்லாவிட்டாலோ, படித்தவர்களைக் கணக்குக் கேட்கலாமா என்கிறார்கள். ஏன் கேட்கக்கூடாது?

கேட்காமல் விட்டதன் யோக்கியதையை இங்கிலாந்தில் பாருங்கள். பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1740 முதல் 1746 வரை ஆக்ஸ்போர்டில் படித்தவர். அங்கே பெரும்பாலான பேராசிரியர்கள் பாடம் சொல்லுவதாகப் பாசாங்கு செய்வதைக்கூட விட்டுவிட்டார்கள் என்று 1776-ல் புத்தகத்திலேயே எழுதிவிட்டார். கேம்பிரிட்ஜில் தாமஸ் கிரே என்ற கவிஞர் 1768-ல் சரித்திரப் பேராசிரியரானார். 1771-ல் சாகும்வரை ஒரு பிரசங்கம்கூடச் செய்யவில்லை.

இன்னொருவர் ரிச்சர்டு வாட்சன். 1764-ல் அதே கேம்பிரிட்ஜில் இவரை ரசாயனப் பேராசிரியராக்கியபோது இவருக்கு ரசாயனத்தில் ஓர் எழுத்தும் தெரியாது. இவரே ஒப்புக்கொண்ட சங்கதி இது. உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா? மனிதர் முயன்று படித்துக்கொண்டு நன்றாகவே பாடம் சொன்னார். ஆனால் 1771-ல் மதசாஸ்திரப் பேராசிரியராகி, 1782-ல் பிஷப்பும் ஆனபின், பாடத்தைப் பிரதிநிதி ஒருவரிடம் விட்டுவிட்டு, ஏரிக்கரையில் மாளிகை கட்டி, மரம் நட்டு, நிலம் பார்த்துக்கொண்டிருந்தார். 1816-ல் சாகும்வரை அந்தப் பேராசிரியர் உத்தியோகம் அவருடையதே! கடவுளைப் பற்றிய பாடத்துக்குக் கூலிக்கு ஆள் வைத்தால் போதும் போலும்!

அப்படியானால் கேம்பிரிட்ஜுக்குத் தண்டிக்கவே தெரியாதா? நன்றாகத் தெரியும். நியூட்டனுக்குப்பின் கணிதப் பேராசிரியராக இருந்த வில்லியம் விஸ்டன், பிதா சுதன் ஆவி மூவரும் ஒன்றே என்பதை மறுத்தார். 1710-ல் விரட்டிவிட்டார்கள்.

காரணம் என்ன? பேராசிரியரை விசாரிக்கும் சபையில் பேராசிரியர்களே உட்கார்ந்திருந்தால், ஒருவர் குறையை மற்றவர் பாரார் என்கிறார் ஸ்மித். சரி, பிஷப்பிடமோ மந்திரியிடமோ அதிகாரத்தைக் கொடுத்தால்? பாடம் தெரியாத அந்த அதிகாரிக்குக் காக்கை பிடிப்பவனே பிழைப்பான் என்பதையும் அவரே சொல்லுகிறார்.

ஆகவே, வகுப்பு நடந்ததா, மாணவன் சந்தேகத்துக்குப் பதில் கிடைத்ததா, பரீட்சைத் தாள் திருத்தப்பட்டதா என்று மாணவர்களையும் வைத்துக்கொண்டு கேளுங்கள். குற்றத்தை எழுத்தில் கொடுங்கள். பதில் சொல்லவும் திருந்தவும் தவணை கொடுங்கள். அப்புறமும் திருந்தாதவரை வீட்டுக்கு அனுப்புங்கள். அவர் எதை நம்புகிறார், யாரைக் கும்பிடுகிறார் என்பது உங்கள் விசாரணையில் வரவே கூடாது. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் உத்தியோகத்துக்கு வைத்திருந்த மதச் சோதனையைச் சட்டம் போட்டு எடுப்பதற்கு 1871 வரை ஆயிற்று. அப்போதும் மதசாஸ்திர நாற்காலிகளை மட்டும் விட்டுவைத்தார்கள்.