புளிப்பின் பக்குவம்

தலைநகரில் புதிதாகக் குடியேறும் தமிழர்களை ஏமாற்றும் சொற்களுள் 'காஞ்ஜி' என்பதும் ஒன்று. வடநாட்டு இல்லமொன்றில் "காஞ்ஜி பருகுங்கள்" என்று உபசரித்தால், நாம் அரிசிக் கஞ்சியை எதிர்பார்த்துக் கை நீட்டுகிறோம். வருவதோ மாதுளைச் சாற்றின் நிறத்தில், கடுகின் காரம் மூக்கில் ஏறும் ஒரு குவளை புளிப்பு நீர்! வடமொழியில் 'காஞ்சிகம்' என்பது புளித்த நீரையே குறிக்கும். சொல் நம் கஞ்சிக்கு உறவுதான். பொருள் மட்டும் வழியில் எங்கோ புளித்துவிட்டது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இத்துறையில் வேறொரு தொல்லையும் உண்டு. இந்தியில் 'கிண்வன்' என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகின்றனர். தமிழ்ப் பாடநூல்கள் 'நொதித்தல்' என்கின்றன. ஆயினும் நம் சமையலறை அச்சொல்லை இன்றளவும் ஏற்கவில்லை. அங்கே மாவு பொங்கும், மோர் புளிக்கும், தயிர் உறையும், சோறு பழையதாகும். ஒரே வகை வினைக்கு இத்தனை பெயர் ஏன் என்று வியக்க வேண்டா. ஒவ்வொன்றுக்கும் நேரமும் வெம்மையும் பாத்திரமும் வேறு என்பதை அப்பெயர்கள் அறிந்து வைத்திருக்கின்றன.

காஞ்ஜியைச் செய்யும் முறை எளிது. குளிர்காலத்தில் வடநாட்டுச் சந்தைகளில் கரிய ஊதா நிறக் காரட் வந்து குவியும். அதில் அரைக் கிலோ எடுத்துக் கழுவி, விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, காய்ச்சி ஆறவைத்த இரண்டு லிட்டர் நீரில் இடுக. கரகரப்பாகப் பொடித்த கடுகு இரண்டு மேசைக்கரண்டி, சிறிது மிளகாய்த்தூள், 50 கிராம் உப்பு ஆகியன சேர்த்து, கண்ணாடிச் சாடியில் நிரப்பி, வாயில் துணி கட்டி, நான்கைந்து நாள் வெயிலில் வைத்தால் போதும். நாள்தோறும் ஈரமற்ற மரக்கரண்டியால் கிளறிவிடுதல் வேண்டும். துண்டுகள் நீருக்கு மேல் தலைகாட்டலாகாது. ஹோலிப் பண்டிகையின்போது இந்நீரில் பருப்பு வடைகளை ஊறவைத்து உண்பதும் உண்டு. தயிர்வடைக்குப் பழகிய நாவுக்கு முதல் நாள் அது சற்று அதிர்ச்சிதான்.

இங்கே நாம் உறை எதுவும் இடவில்லையே, புளிப்பு எங்கிருந்து வந்தது? காரட்டின் மேற்பரப்பிலேயே உள்ள நுண்ணுயிர்கள் தரும் கொடை அது. பால் புளிப்பதும் நுண்ணுயிர்களின் வேலையே என்று 1857-ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் எடுத்துரைத்தார். உப்பு, கெடுக்கும் கிருமிகள் பலவற்றைத் தடுத்து நிறுத்துகிறது; உப்பைப் பொறுக்கும் நல்லவை பெருகி லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன; அந்த அமிலமே பின்னர் காவல் நிற்கிறது. ஆகவே உப்பைக் குறைப்பதே நலம் என்று எண்ணி அளவைப் பாதியாக்குவோர், காவற்காரனை வாயிற்படியிலேயே விலக்கிவிடுகின்றனர்.

நம் இட்லி மாவின் கதையும் இத்தகையதே. 1965-இல் வெளியான ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை, மாவைப் பொங்கவைப்பது லூக்கோநாஸ்டாக் மெசென்டராய்டிஸ் என்னும் நுண்ணுயிர் என்று காட்டியது. அது அமிலத்தையும் தருகிறது, வாயுவையும் தருகிறது. ஆனால் தை மாதத் தில்லி இரவில், வெப்பம் 5 பாகைக்கு இறங்கும் வேளையில், அதுவும் போர்வைக்குள் சுருண்டுவிடுகிறது. காலையில் மாவு வைத்த இடத்திலேயே இருக்கும். சமையல் சோடாவை இடுவோர் உண்டு. மாவு உப்பும், புளிப்பு வாராது. நாம் அதற்கு உடன்படுவதற்கில்லை. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்பருகே வைத்து, 30 பாகை அளவு வெதுவெதுப்பைக் காத்தலே முறை.

உப்பே இல்லாத வழிகளும் நம் நாட்டில் உள. சிக்கிமில் கடுகுக்கீரையை வாடவைத்து, நசுக்கி, காற்றுப் புகாதபடி பானையில் அழுத்தி அடைத்துப் புளிக்கவைத்து, பின் வெயிலில் உலர்த்திக் 'குண்ட்ருக்' ஆக்குகின்றனர். பனிக்காலத்துக்கு அதுவே காய்கறி. ஒடிசாவின் 'பகாள்' நம் பழையசோற்றின் உடன்பிறப்பு. மார்ச் 20-ஆம் நாளை அதற்கென்றே கொண்டாடுகின்றனர். நாமோ பழையதை விருந்தினர் கண்ணில் படாமல் மறைக்கிறோம்!

அண்மைக் காலத்தில் நகரங்களில் பரவிவரும் 'கொம்புச்சா' பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். இனிப்பிட்ட தேநீரில் ஈஸ்ட்டும் அசெட்டிக் பாக்டீரியாவும் கூடி வளர்க்கும் பானம் அது. ஈஸ்ட், சர்க்கரையைச் சாராயமாக்கும்; பாக்டீரியா அதனைக் காடியாக்கும். மேலே மிதக்கும் வழுவழுப்பான தகட்டைக் காளான் என்பர். அது காளான் அன்று, பாக்டீரியா நெய்த செல்லுலோஸ். சிறிதளவு சாராயம் எஞ்சியிருக்கும் என்பதை மதுவிலக்குக் கொள்கையினர் அறிந்திருத்தல் நன்று. இப்பானம் நீரிழிவைத் தீர்க்கும், மூட்டுவலியைப் போக்கும் என்றெல்லாம் கூறப்படுவனவற்றுக்குப் போதிய சான்று இல்லை.

1995-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், இதை நாள்தோறும் அருந்திவந்த இரு பெண்மணிகள் இரத்தத்தில் அமிலம் மிகுந்து கடும் நோயுற்றனர்; ஒருவர் இறந்தார். பானமே காரணம் என்று திட்டமாக நிறுவப்படவில்லை. எனினும் அச்செய்தியை ஒதுக்கிவிடவும் இயலாது. கருவுற்றோர், குழந்தைகள், நோயெதிர்ப்பு குன்றியோர் வீட்டில் செய்த கொம்புச்சாவைத் தவிர்த்தலே தகும். ஈய மெருகிட்ட மட்கலத்திலோ செம்பு, பித்தளைப் பாத்திரத்திலோ இதைச் செய்யலாகாது. அமிலம் உலோகத்தைக் கரைத்து நம் வயிற்றுக்கு அனுப்பிவிடும். புளித்தபின் இறுக மூடிய சீசாவில் வெளியே நெடுநாள் வைத்தால் வாயு பெருகிச் சீசா வெடிப்பதும் உண்டு.

தகட்டின் மீது பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சு போன்ற பூசணம் படர்ந்தால், மேலே படர்ந்ததை மட்டும் வழித்துவிட்டுப் பருகலாம் என்று சிலர் கருதுகின்றனர். தகடு, பானம் இரண்டையும் முழுவதும் கொட்டிவிடல் வேண்டும். பூசணத்தின் நஞ்சு கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்பதில்லை.

ஒவ்வொரு முறையும் புதுத் தகடு ஒன்று உருவாகும். அதை அண்டை வீட்டாருக்கு அளிப்பவர்கள் தகட்டை மட்டும் கொடுத்தனுப்பிவிடுகின்றனர். அதனோடு நன்கு புளித்த தேநீரும் ஒரு குவளை சேர்த்துத் தருதல் வேண்டும். புதிய தேநீரில் பத்தில் ஒரு பங்காவது பழைய புளிப்பு கலந்தால்தான், முதல் இரண்டு மூன்று நாள் பூசணம் அதை அணுகாது.