"சும்மா" விளையாடும் பிள்ளைகள்

(பெற்றோர் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





இந்த ஆண்டு கல்வி உதவி விண்ணப்பங்களைப் பார்த்தபோது ஒரு வீட்டின் நிலை எங்களை வருத்தியது. அத்தாவுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்ட். மூத்த மகனின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சேர்த்த பணத்தில் பதினோராயிரம் ரூபாய், நூறும் இருநூறுமாக, ஒரு கைபேசி விளையாட்டுக்குள் போய்விட்டது. செலவழித்தது எட்டாம் வகுப்புத் தம்பி. "சும்மா விளையாடுறான்னுதான் நினைச்சேன்" என்றார் தாயார்.

அந்தச் "சும்மா"வைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

விளையாட்டு நிறுவனங்கள் நம்மை இரண்டு வகையாகப் பார்க்கின்றன. பத்து நிமிடம் ஆடிவிட்டு எழுந்து போகிறவர் ஒரு வகை. ஆட்டமே கதி என்று இருப்பவர் மறு வகை. இருவருக்கும் தூண்டில் வேறு.

2001இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் கருவியை 'ஹேலோ' என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தோடு விற்றது. பொத்தான்களைப் பழகவே நாளாகும். அதில் கிடைக்கும் வெற்றிப் பெருமைதான் தீவிர ஆட்டக்காரரை இழுத்தது. 2006இல் நின்டெண்டோ 'வீ' கருவியைக் கொண்டுவந்தது. கையை வீசினால் திரையில் டென்னிஸ் பந்து பறக்கும். வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து ஆடினார்கள். பத்து கோடிக்கு மேல் விற்றது. நம் நாட்டு வீடுகளைப் பிடிக்க சோனி 2007இல் 'சிங்ஸ்டார் பாலிவுட்' பாட்டு விளையாட்டையும், 2009இல் கபடியும் கிட்டிப்புள்ளும் அடங்கிய 'தேசி அட்டா'வையும் வெளியிட்டது.

ஆனால் சும்மா ஆட வந்தவர்கள் நிலைக்கவில்லை. 2012இல் வந்த அடுத்த கருவியான 'வீ யு' ஒன்றரைக் கோடிகூட விற்கவில்லை. அதற்குள் எல்லோர் கையிலும் கைபேசி வந்துவிட்டது.

கைபேசி இரண்டு தூண்டிலையும் ஒன்றாகக் கட்டியது. நுழைவது இலவசம், எளிது. பிறகு தினப் பரிசு, நண்பர் குழு, தரவரிசை. அதன்பின் காசுக்கு உடை, ஆயுதம், வைரம். சும்மா வந்தவரை எழுந்திருக்க முடியாதவராக மாற்றுவதே கணக்கு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடுவதைத்தான் தடுக்கிறது. இப்படி வாங்குவதை அல்ல. 2023இல் மீண்டும் அனுமதி பெற்ற பி.ஜி.எம்.ஐ., சிறுவருக்கு நாளுக்கு 3 மணி நேரம், பெரியவருக்கு 6 மணி நேரம் என்ற வரம்போடு வந்தது. அத்தாவின் பெயரில் பிள்ளை ஆடினால் எந்த வரம்பு பொருந்தும்?

எனவே போனைப் பிடுங்கி எறியாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். இந்த ஆட்டத்துக்கு முடிவு உண்டா? ஒரு நாள் வராவிட்டால் எதையாவது இழப்பாயா? காசு கேட்கிறதா? பதிலிலேயே பிள்ளை எந்த வகையில் இருக்கிறான் என்பது தெரிந்துவிடும். யு.பி.ஐ. ரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி போனில் வைத்துவிடுங்கள்.

அந்த மூத்த மகனின் கட்டணக் குறையை நமது அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அது வரிசையில் நின்ற இன்னொரு பிள்ளைக்குப் போயிருக்க வேண்டிய பணம் என்பதை மறக்க வேண்டாம்.