சிட்டா கேட்கும் சந்தை

(கரணை ஈகியர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்ட கரணைப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரை ஈந்த தோழர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் நினைத்து இந்த உரையைத் தொடங்குகிறேன்.

இது இலக்கிய அரங்கம். கவிதையும் நாவலும் பேச வேண்டிய மேடையில் கொள்முதல் நிலையம், உழவர் சந்தை, மானியம் என்று பேசப் போகிறேன். நாம் எழுதிய கதைகளிலும் தன்வரலாறுகளிலும் வருகிற அப்பாவும் அம்மாவும் பெரும்பாலும் கழனியில்தான் நிற்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் எழுதியது போல அரசும் எழுதி வைத்திருக்கிறது. அதற்குச் சிட்டா, அடங்கல், அ-பதிவேடு என்று பெயர். அந்த ஏடுகளில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று வாசிப்பதும் நம் வேலைதான் என்று நினைக்கிறேன்.

2016ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்று ஒன்றிய அரசு தேசிய மின்னணு வேளாண் சந்தையைத் தொடங்கியது. அண்ணல் அம்பேத்கரின் 125ஆவது பிறந்தநாள் அது. எங்கோ இருக்கிற வியாபாரியும் கணினி வழியாக ஏலம் கேட்கலாம், உள்ளூர்த் தரகர் வைத்ததே விலை என்ற நிலை மாறும் என்றார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அண்ணலின் பிறந்தநாளில் திறந்த சந்தைக்குள் அண்ணலின் மக்கள் என்னவாக நுழைகிறார்கள்? விற்பவராகவா, மூட்டை தூக்குபவராகவா? இந்த உரை முழுக்க இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்கப் போகிறேன்.

யார் விவசாயி?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் சுமார் 42 லட்சம் பேர். விவசாயக் கூலிகள் சுமார் 96 லட்சம் பேர். நிலத்தில் நிற்கிற மூன்று பேரில் இரண்டு பேருக்கு மேல் கூலிகள். இந்திய அளவில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பைப் பார்த்தால், சாகுபடி செய்யப்படும் மொத்தப் பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. அதிலும் பெரும்பாலானவை ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த துண்டுகள்.

இப்போது திட்டங்களைப் பாருங்கள். 2019இல் வந்த பிரதமர் கிசான் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தருகிறது. யாருக்கு? பதிவேட்டில் தன் பெயரில் சாகுபடி நிலம் உள்ள குடும்பத்துக்கு. குத்தகைக்கு உழுபவருக்கு இல்லை, கூலிக்கு உழுபவருக்கும் இல்லை. 2021இல் தமிழ்நாடு அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. பயிர்க்கடன் சிட்டாவின் பேரில் கிடைப்பது; எனவே தள்ளுபடியும் சிட்டாவின் பேரில்தான் போகும். பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் என்றால் முதலில் கிணறு வேண்டும், கிணறு தோண்ட நிலம் வேண்டும். கிணறு இல்லாத சிறு விவசாயி பக்கத்துக் கழனிக்காரரிடம் தண்ணீரை விலைக்கு வாங்குகிறார். அரசு இலவசமாகக் கொடுத்த மின்சாரத்தில் இறைத்த தண்ணீர் அது.

இந்தத் திட்டங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிறு விவசாயி எந்தச் சாதியாக இருந்தாலும் அவருக்கு இவை தேவை. திட்டத்தின் விண்ணப்பத்தில் முதலில் கேட்கப்படுவது உழைப்பைப் பற்றிய கேள்வியாக இல்லை, உடைமையைப் பற்றிய கேள்வியாக இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். சாதி பார்த்து யாரையும் விலக்கவில்லை என்று அதிகாரி சொல்வார். அவர் சொல்வது உண்மைதான். சிட்டா மட்டும்தான் பார்க்கிறார். சிட்டாவில் பெயர் வராமல் நம்மை விலக்கும் வேலையைச் சாதி முன்னாலேயே முடித்துவிட்டது.

கொள்முதல் நிலையத்தில்

என் அப்பா ஒன்றரை ஏக்கரை வாய்மொழிக் குத்தகைக்குப் பயிர் செய்தார். எழுத்து ஏதும் கிடையாது. தமிழ்நாட்டில் குத்தகைதாரரைப் பாதுகாக்க 1955இலேயே சட்டம் உண்டு. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969இல் இன்னொரு சட்டமும் வந்தது. ஆனால் பதிவு செய்யச் சொல்லிக் கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது. அப்பா கேட்கவில்லை.

நெல் அறுத்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். குவித்த நெல்லுக்குப் பக்கத்தில் மூன்று இரவு காவல் படுத்தோம். மழை வந்தால் மூடத் தார்ப்பாய் கடன் வாங்கினோம். ஈரப்பதம் பார்த்தார்கள், தூற்றினார்கள், 40 கிலோ சிப்பமாக எடை போட்டுச் சாக்கு தைத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு பட்டியலில் ஏறியது நிலக்காரர் பெயர். சிட்டா அவருடையது, அடங்கல் அவர் பெயரில், வங்கிக் கணக்கும் அவருடையது. பணம் அவர் கணக்குக்குப் போனது. அரசு கூட்டிக் கொடுத்த ஊக்கத்தொகையும் அங்கேதான் போனது. அவர் குத்தகையைக் கழித்தார், விதைக்கும் உரத்துக்கும் கொடுத்த முன்பணத்தைக் கழித்தார், மீதியை அப்பா கையில் கொடுத்தார். எவ்வளவு கழித்தார் என்று அப்பா கேட்கவில்லை. ஒரு வருடம் வெள்ளத்தில் பயிர் மூழ்கியது. நிவாரணமும் அதே கணக்குக்கு வந்தது. அந்த வருடம் அப்பாவுக்குக் கடன் மட்டும் மிஞ்சியது.

அந்த நிலக்காரர் கெட்ட மனிதர் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் அக்கா கல்யாணத்துக்கு அரிசி கொடுத்தவர் அவர். ஆனால் விளைவித்தவன் தன் நெல்லுக்கான பணத்தை இன்னொருவர் கையிலிருந்து வாங்கித் தலைக்கு மேல் கும்பிட வேண்டியிருந்தது. அரசின் ஆதார விலை என்ற உரிமை எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது தயவாக மாறியிருந்தது.

பாலும் காய்கறியும்

சந்தைக்கு நிலம் மட்டும் போதாது. எங்கள் அம்மா சங்கக் கடனில் ஒரு கறவை மாடு வாங்கினார். காலையில் பால் எடுத்துப் போனால், அளப்பவர், ‘உன் பால் தனியா இருக்கட்டும்மா’ என்று ஓரத்தில் ஒரு கேனைக் காட்டுவார். லாக்டோமீட்டரில் எங்கள் பாலுக்கும் மற்ற பாலுக்கும் வேறுபாடு தெரியவில்லை. கொஞ்ச நாள் அம்மா அந்த ஓரக் கேனில் ஊற்றினார். பிறகு மாட்டை விற்றுவிட்டார். பதிவேட்டில் அது ‘பயனாளி திட்டத்தைத் தொடரவில்லை’ என்று ஏறியிருக்கும்.

கடனும் மாடும் கொடுப்பது ஒரு திட்டத்தின் பாதி. அந்த மாட்டின் பாலை எல்லாப் பாலோடும் ஒரே கேனில் ஊற்ற வைப்பது மறுபாதி. முதல் பாதிக்கு நிதி ஒதுக்கீடு உண்டு. இரண்டாம் பாதியைக் கண்காணிக்க ஆள் இல்லை.

உழவர் சந்தையையும் சொல்ல வேண்டும். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய இத்திட்டத்தை நான் மதிக்கிறேன். தராசு இலவசம், கடைக்கு வாடகை இல்லை, தரகு இல்லை. விலையை அதிகாரிகள் எழுதிப் போடுகிறார்கள். அங்கே பெயரையும் ஊரையும் கேட்காமல் காய் வாங்குகிற நகரத்து மனிதர்கள் வருகிறார்கள். ஊர்ச் சந்தையில் கிடைக்காத ஒன்று அது. கத்திரிக்காயும் வெண்டைக்காயும் அங்கே வெறும் காய்களாக இருக்கின்றன. ஆனால் அந்தத் தராசின் பின்னால் உட்கார விவசாயி அடையாள அட்டை வேண்டும். அட்டைக்கு நில ஆவணம் வேண்டும். அரை ஏக்கர் குத்தகையில் கீரை போடும் நம் பெண் அந்த வாசலைத் தாண்ட முடியாமல், மதிலுக்கு வெளியே சாக்கு விரித்து உட்கார்ந்து போலீஸ்காரரைப் பார்த்து எழுந்து ஓடுகிறார்.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் கிடங்கு கட்டியிருக்கிறார்கள். விலை இறங்கும்போது விளைச்சலை அங்கே வைத்து, அதன்பேரில் பொருளீட்டுக் கடன் வாங்கி, விலை ஏறிய பின் விற்கலாம். காத்திருக்க முடிந்தவருக்கு அது பெரிய உதவி. அறுவடைக்கு முன்பே கடன்காரர் களத்துக்கு வந்து நிற்கிற வீட்டில் யார் காத்திருப்பது?

பழைய கதை

காகிதத்தில் பெயர் ஏறாத கதை இன்று தொடங்கியதல்ல. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை இதைத்தான் சொன்னது. தரிசு நிலத்துக்கு ஒரு பறையர் விண்ணப்பம் போட்டால், மிராசுதார் தன் முன்னுரிமையைக் காட்டி அதைத் தடுத்துவிடுவார். பண்ணையாளுக்கு நிலம் கிடைத்தால் தன் கழனியில் இறங்க ஆள் கிடைக்காது என்ற பயம்தான் காரணம். அதன்பின் 1892இல் வந்த அரசாணையால் கிடைத்ததே பஞ்சமி நிலம். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது; அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை இருந்தது. அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் கையில் என்பது இந்த அவைக்குத் தெரியும். 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது பல ஊர்களில் அந்த நிபந்தனைக் குறிப்பே விடுபட்டுப்போனது என்பது நில மீட்பு இயக்கங்களின் நீண்ட நாள் குற்றச்சாட்டு.

அண்ணலும் இதை ஆராய்ந்தவர்தான். 1918இல் இந்தியாவின் சிறு நிலவுடைமைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், துண்டு நிலங்களை ஒன்று சேர்த்துவிட்டால் தீரும் நோய் அல்ல இது, மூலதனமும் கருவிகளும் போதாமலும், வேறு தொழில் இல்லாமல் எல்லோரும் நிலத்தையே நம்பியும் இருப்பதுதான் நோய் என்று வாதிட்டார். 1937இல் கொங்கணத்துக் கோத்தி முறையை ஒழிக்க பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். அடுத்த ஜனவரியில் ஆயிரக்கணக்கான குத்தகை விவசாயிகள் சாதி கடந்து பம்பாயில் பேரணி வந்தார்கள். 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற அறிக்கையில், நிலம் அரசுடையதாக வேண்டும், சாதி பாராமல் கிராமத்தாருக்குக் கூட்டுப் பண்ணையாகக் கொடுக்க வேண்டும், நிலக்கிழார், குத்தகைதாரர், நிலமற்ற கூலி என்ற மூன்று பிரிவுகளே இருக்கக் கூடாது என்றார். அந்தப் பக்கங்கள் நிறைவேறாமல் போயின. மானியத்தைப் பற்றி நாம் பேச வேண்டியிருப்பதே அதனால்தான்.

நடந்தவையும் உண்டு

எல்லாம் பொய் என்று சொல்லி முடிப்பது எளிது. அது நேர்மையல்ல. 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம் நிலம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. உடல் உழைப்புக்குத் தயாரா என்று மட்டும் கேட்டது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றது. சேரிப் பெண்களும் ஊர்ப் பெண்களும் ஒரே ஏரிக்கரையில் ஒரே வருகைப் பதிவேட்டில் நின்றார்கள். ‘இந்தக் கூலிக்கு வரமாட்டேன்’ என்று ஒரு பெண் நிலக்காரரிடம் சொல்ல முடிந்தது. அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்ட காலத்தில் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். 1968 டிசம்பர் 25. அந்த வெண்மணியை மறக்காதவர்களுக்கு, இந்த ஒரு வாக்கியத்தின் எடை தெரியும்.

தாட்கோவின் நன்னிலம் மகளிர் நிலவுடைமைத் திட்டம் நிலமற்ற பெண் கூலிகள் நிலம் வாங்க, மதிப்பில் பாதி, 5 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிறது. சிட்டாவை நோக்கிப் போகும் வழி அது. இன்றைய நில விலைக்கு அந்தத் தொகை எவ்வளவு தூரம் வரும், நமக்கு நிலம் விற்க ஊரில் யார் முன்வருவார் என்ற கேள்விகள் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு சேரியிலும் அதற்கு மனு போட வேண்டும்.

வெளியிலும் பாருங்கள். ஒடிசாவின் காலியா திட்டம் நிலமற்ற குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு, ஆடு, கோழி, காளான் வளர்க்கப் பணம் கொடுத்தது. ஆந்திரம் 2019இல் சட்டம் இயற்றி, பயிர் செய்பவருக்கு 11 மாதத்துக்குச் சாகுபடியாளர் அட்டை கொடுத்தது. நில உரிமை மாறாது, பயிரின் உரிமை மட்டும் உழுபவருக்கு. கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுவாகக் குத்தகை எடுத்து, குழுவின் பேரில் வங்கிக் கடன் வாங்கிப் பயிர் செய்கிறார்கள். ஆகவே முடியாது என்பதற்கில்லை.

2007இல் ஒன்றிய அரசு வெளியிட்ட தேசிய விவசாயிகள் கொள்கையே, விவசாயி என்ற சொல்லுக்குள் குத்தகைதாரரையும் வாரதாரரையும் விவசாயக் கூலியையும் சேர்த்து வரையறுத்தது. நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. அரசு தானே எழுதிய வரையறையைத் தன் விண்ணப்பப் படிவத்திலும் அச்சிடச் சொல்கிறோம்.

நம் வேலை

கடைசியாகச் சில வேலைகள். கொள்முதல் பணமும் பயிர் நிவாரணமும் பயிர் செய்தவர் கணக்குக்கே போக, சாகுபடியாளர் அட்டை கேட்போம். உழவர் சந்தையில் குத்தகைப் பெண்களுக்கும் குழுக்களுக்கும் இடம் கேட்போம். பால் சங்கத்தில் ஓரக் கேன் இருந்தால், அது தீண்டாமைக் குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் எழுதுவோம். ஒவ்வொரு ஊரிலும் பஞ்சமி நிலத்தின் புல எண்ணைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பட்டியல் தயாரிப்போம். இந்த அரங்கில் எழுதத் தெரிந்தவர்கள் நூறு பேராவது இருக்கிறீர்கள். கவிதை எழுதும் கையால் மாதம் ஒரு மனு எழுதுங்கள்.

என் அப்பா இறந்தபோது அவர் டிரங்குப் பெட்டியில் கொள்முதல் நிலையத்து ரசீதுகளை ஒரு நூலில் கோத்து வைத்திருந்தார். எல்லாவற்றிலும் வேறொருவர் பெயர். ஏன் அதைப் பத்திரப்படுத்தினார் என்று நான் கேட்டதில்லை. அந்த நெல்லை விளைவித்தது தான் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அடுத்த தலைமுறை பெட்டியைத் திறக்கும்போது ரசீதில் அவர்கள் அப்பாவின் பெயரும் அம்மாவின் பெயரும் இருக்க வேண்டும். கரணையில் அந்த இருவர் கேட்டதும் அதைத்தான்.

ஜெய்பீம்.