கண்ணீர் மட்டும் போதுமா?



நான் எழுத்தாளன் அல்லன், விமர்சகனும் அல்லன். திம்புள்ள பகுதியில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, கைக்குக் கிடைத்த புத்தகங்களை வாசித்து வளர்ந்த சாதாரண வாசகன். அண்மையில் வாசித்த மூன்று படைப்புகளைப் பற்றி மனதில் பட்டதை மறைக்காமல் சொல்ல வந்திருக்கிறேன்.

மறைக்காமல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் சிறுகதை நூல் வெளியீட்டில் பேச என்னை அழைத்தார்கள். கதைகள் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாக் கதைகளிலும் மழை பெய்தது, அட்டை கடித்தது, துரை ஏசினார், கடைசியில் யாரோ ஒருவர் இறந்துபோனார். ஆனாலும் பொன்னாடையும் முதற்பிரதியுமாக மண்டபம் களைகட்டியிருந்த வேளையில் உண்மையைச் சொல்ல நா எழவில்லை. 'மலையகத்தின் கண்ணீர்க் காவியம்' என்று புகழ்ந்துவிட்டு இறங்கினேன். அவருடைய இரண்டாவது நூலும் அதே மழை, அதே அட்டை, அதே சாவுடன் வந்தது. அந்தக் குறையில் எனக்கும் பங்குண்டு.

2023ஆம் ஆண்டில் 'மலையகம் 200' என்று நம்மவர் வரலாற்றை நினைவுகூர்ந்தபோது, பழைய படைப்புகள் சிலவற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். முதலில் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. இலங்கைக்கு வராமலே, தேயிலைத் தோட்டத்துக்கு ஆள்கட்டிச் செல்லப்பட்ட எளிய மக்களின் கதையை 1930களில் அவர் எழுதினார். அவருடைய கோபம் சத்தியமானது. அதற்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தத் தோட்டம் தூரத்திலிருந்து பார்த்த தோட்டம். அங்கே மனிதர்கள் துன்பப்படுகிறார்கள். துன்பப்படாத வேளையில் அவர்கள் என்ன பேசுவார்கள், எதற்குச் சிரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியவரவில்லை.

அடுத்து, 1964இல் வெளிவந்த கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை'. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானதும் அதே ஆண்டில்தான். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்ற பழமொழியை நம்பி வந்த சனத்தின் கதை இது. தோட்டத்துப் பெண்ணின் பாடு என்ன என்று நாவலாக எழுதிக் காட்டிய பெருமை இந்த அம்மையாருக்கு உரியது. பிற்காலத்தில் அவரே இதை ஆங்கிலத்திலும் தந்தார். எனினும், சில இடங்களில் மனிதர்களை முந்திக்கொண்டு வரலாறு பேசுகிறது என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாவது, தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே'. 1979இல் வந்த சிறுகதைத் தொகுதி. தமது எண்பத்தெட்டாவது வயதில், 2022ஆம் ஆண்டு அவர் நம்மை விட்டுப் பிரிந்தார். அவருடைய 'மீன்கள்' என்ற கதையை ஒரு மழை இரவில் என் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர் அவர். வயதுவந்த பிள்ளைகளோடு ஒரே காம்பராவில் படுத்தெழும்ப வேண்டிய குடும்பத்தின் கூச்சத்தைச் சொல்லும் கதை அது. வாசித்து முடித்தபின் அம்மா கனநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"ஏன் தம்பி, இதையெல்லாம் புஸ்தகத்துல எழுதலாமா?"

"எழுதியிருக்காரே அம்மா."

"எழுதுனவரு நம்ம ஆளா?"

தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் என்றேன்.

"அதான்," என்றார் அம்மா. வேறொன்றும் சொல்லவில்லை.

அம்மா அழவில்லை, நேயர்களே. வாழ்நாள் முழுவதும் யாரிடமும் சொல்லாத ஒன்றை இன்னொருவர் அறிந்திருக்கிறார் என்று கண்டுகொண்டார். 'பாவம், இந்தச் சனங்கள்' என்று நம்மைப் பார்த்து இரங்கும் எழுத்து வேறு. நம்மை அறிந்த எழுத்து வேறு. தெளிவத்தையின் கதைகளில் குற்றம் துரையோடு நின்றுவிடுவதில்லை. நம்மவர் நம்மவருக்குச் செய்வதும் வருகிறது. அந்தத் துணிச்சலை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்தத் தொகுதியிலும் எல்லாக் கதைகளும் 'மீன்கள்' அல்ல. அதையும் சொல்லத்தான் வேண்டும். நல்லதை நல்லதென்றும் குறையைக் குறையென்றும் சொல்லும் வாசகன் இல்லாத இடத்தில் எழுத்து வளராது. நமது துயரத்தை எழுதிவிட்டார் என்பதற்காகவே ஒரு நூலைத் தூக்கிவைத்தால், அந்தத் துயரத்துக்கே நாம் மரியாதை செய்யாதவர்கள் ஆவோம்.

முன்னே சொன்ன நண்பர் தமது மூன்றாவது நூலின் கையெழுத்துப் பிரதியை இப்போது என்னிடம் தந்திருக்கிறார். மூன்று கதைகளை வாசித்துவிட்டேன். இந்தப் பேச்சை அவரும் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போவதாக இருக்கிறேன். இம்முறை பொன்னாடை கொண்டுபோகப் போவதில்லை. பென்சிலால் குறித்த பிரதியைத்தான் கொண்டுபோகிறேன்.