ஒரு மலைக்கு இரு வழி



சேலம் நகரிலிருந்து ஏற்காட்டிற்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் பெருவழி. மற்றொன்று, குப்பனூரில் தொடங்கிக் கொட்டச்சேடு வழியாக ஏறும் மலைப்பாதை. ஒரு வழியில் செல்வோர் காணும் சரிவும் சோலையும் மற்ற வழியில் செல்வோர்க்குப் புலப்படா. மலையோ ஒன்றே. பெருமழையில் மண் சரிந்து பெருவழி அடைபடும் நாளில் குப்பனூர் வழியே மலைவாழ் மக்களுக்குத் துணையாகிறது. சிறிய வழி எனக் கருதப்பட்டதன் அருமை அன்று விளங்கும்.

ஒரு பொருளைப் பல நோக்கில் கண்டாலன்றி அதன் முழுமை விளங்காது என்பது அநேகாந்தக் கொள்கை. ஒவ்வொரு நோக்கையும் நயம் என்பர். ஒரு நயத்தை மட்டும் பற்றிக்கொண்டு இதுவே முழு உண்மை எனச் சாதிப்பது பிழை என்பதும் அக்கொள்கையின் பாற்பட்டதே. இது சமயவாதத்திற்கு மட்டும் உரிய நெறி எனப் பலர் எண்ணுவர். இன்று பல்கலைக்கழகங்களில் நடைபெறும் ஆய்வுகளுக்கும் இந்நெறி வேண்டப்படுகிறது. நிலவியல், தொல்லியல், மானிடவியல், மொழியியல் எனத் துறைகள் பிரிந்துவிட்டன. ஆய்வுக்குரிய பொருள் அவ்வாறு பிரிந்து நிற்பதில்லை. இதனால் எழும் இடர்ப்பாடுகள் மூவகைப்படும். அவை தொழில்நுட்பம் சார்ந்தவை, சமுதாயம் சார்ந்தவை, பண்பாடு சார்ந்தவை. இம்மூன்றையும் விளக்கச் சேர்வராயன் மலையே போதிய சான்றுகளைத் தருகிறது.

முதலாவது தொழில்நுட்பம். ஏற்காட்டின் திருத்திரித்துவ ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாளரின் நினைவிடம் உள்ளது. 1834இல் இங்கிலாந்தில் பிறந்த அவர் 1858இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தார். 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் பற்றிய ஆய்வு அன்று பிறந்தது. அதே ஆண்டு தம் உடன்பணியாளர் வில்லியம் கிங் என்பாரோடு சென்று, கொசத்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். பணி ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் குடியேறி, 1912இல் மறையும் வரை தாம் திரட்டிய பொருள்களை வகைப்படுத்தி எழுதினார். அவருடைய தொகுப்பு இன்றும் சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது.

கருவி எந்தக் கல்லால் ஆனது, எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பவற்றை அவர் நுட்பமாகக் குறித்தார். அதன் வயது எத்தனை ஆண்டு என்ற வினாவுக்கு எண்ணால் விடை கூறும் முறை அக்காலத்தில் இல்லை. விடைக்காக ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. சாந்தி பப்பு தலைமையிலான குழுவினர் 1999 முதல் அத்திரம்பாக்கத்தில் அகழாய்ந்தனர். விண்ணிலிருந்து வரும் கதிர்கள் கல்லில் தோற்றுவிக்கும் அலுமினியம்-26, பெரிலியம்-10 ஆகியவை, அக்கல் மண்ணுள் ஆழப் புதைந்தபின் படிப்படியாகக் குறைகின்றன. எஞ்சியவற்றின் விகிதத்தை அளந்து பிரான்சு நாட்டு அறிவியலாளர் கணக்கிட்டனர். மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என்னும் முடிவு 2011இல் வெளியாயிற்று. மணல்துகள் இறுதியாக வெயிலைக் கண்டு எத்தனை ஆண்டுகள் கழிந்தன என அளக்கும் வேறொரு முறையால், அங்கு இடைப் பழைய கற்காலம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகட்கு முன்னரே தொடங்கியது என 2018இல் அறிவிக்கப்பட்டது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தாரின் பங்கு இதில் பெரிது. தொல்லியலார் கேட்ட வினாவுக்கு இயற்பியலார் விடை தந்தனர். ஃபூட் அன்று கல் கிடந்த இடத்தைப் பிழையின்றி எழுதி வைக்காதிருந்தால் அவ்விடத்தைத் தேடிச் செல்வதே அரிதாயிருக்கும். கருவிகள் நாளும் மாறும்; பொறுப்புடன் எழுதிய குறிப்பு நிலைத்து உதவும்.

ஏற்காட்டிலேயே ஃபூட்டின் மாமனாரும் வாழ்ந்து 1882இல் மறைந்தார். அவரே பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து 1874இல் வெளியிட்டவர். மருமகன் மண்ணில் கிடந்த கல்லைத் தேடினார். மாமனார் மக்கள் நாவில் வழங்கிய சொல்லைத் தேடினார். கல்லை அருங்காட்சியகத்தில் வைக்கலாம். சொல்லுக்கோ சொல்பவர் வேண்டும். இவ்வேறுபாடு அடுத்த இரண்டு இடர்ப்பாடுகளுக்கும் அடிப்படையாகும்.

இரண்டாவது சமுதாயம். சேர்வராயன் மலையின் உச்சி 1,600 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடையது. அங்குள்ள குகைக்கோயிலில் சேர்வராயனும் காவேரியம்மனும் வழிபடப்படுகின்றனர். மே மாத விழாவிற்கு மலையாளி எனப்படும் பழங்குடியினர் ஊர்தோறும் திரண்டு வருவர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் குடியேறினர் என்பது அவர்தம் மரபுவழிச் செய்தி. மலைமேல் படிந்துள்ள செம்மண் பாறையில் அலுமினியத்தின் தாதுவாகிய பாக்சைட் உள்ளது. மேட்டூரில் 1965இல் இயங்கத் தொடங்கிய அலுமினிய ஆலைக்கு இம்மலையின் தாதுவும் சென்றது. நிலவியலார் நோக்கில் அவ்விடம் தாதுவளம். தாவரவியலார் நோக்கில், ஏற்காட்டு அரசுத் தோட்டத்தில் பேணப்படும் ஆர்க்கிட் செடிகள் போன்ற அரியவற்றின் உறைவிடம். காப்பித் தோட்டத்தார் நோக்கில் விளைநிலம். மலையாளி மக்கள் நோக்கில் தெய்வம் உறையும் இடம். நீர் ஊறும் இடம்.

இவற்றுள் எது பொய்? எதுவும் பொய்யன்று. ஆயினும் ஒருவர் நோக்கு மட்டும் அறிக்கையில் ஏறி, ஏனையோர் நோக்கு ஏட்டில் இடம்பெறாமல் போகுமாயின், அவ்வறிக்கை கொண்டு எடுக்கப்படும் முடிவு சிலர்க்குத் தீங்காய் முடியும். ஆய்வில் ஒரு நயத்தை விடுவது, அந்நயத்துக்குரிய மக்களை விட்டுவிடுவதாகும். எவ்வுயிர்க்கும் இன்னா செய்யாமையை முதலறமாகக் கொண்டோர் இதனை எளிதில் உணர்வர்.

மூன்றாவது பண்பாடு. தமிழகத்தின் வடபுல மலைகளில், புதிய கற்கால மக்கள் தேய்த்து மெருகிட்ட கற்கோடரிகளை ஊரார் கோயிலில் வைத்து வழிபடும் வழக்கம் உண்டு. உழும்போது கிடைத்த கல்லை வீசி எறியாமல் தெய்வத்தின் முன் வைத்தமையால் அவை பிழைத்தன. ஆய்வாளர் வரும் முன்னரே காப்பாளர் இருந்தனர்.

ஓலைச்சுவடிக்கும் இதுவே வரலாறு. சேலத்தில் பிறந்த இராமசாமி முதலியார் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்தபோது, 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், கல்லூரித் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையர் அவரைக் காணச் சென்றார். ஐயர் தாம் கற்ற நூல்களையெல்லாம் வரிசையாகக் கூறியும் முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைக் கற்றதுண்டா என வினவினார்; பின்னர் அந்நூலின் படியையும் தந்தார். ஐயர் பெரும்புலவரின் மாணவர். இலக்கணப் பயிற்சியும் நச்சினார்க்கினியர் உரையும் அவர் கையில் இருந்தன. இருந்தும் நூலில் வரும் சமணக் கோட்பாடுகள் விளங்கவில்லை.

அவர் கும்பகோணத்துச் சமணர் இல்லத்தை நாடினார். அங்கே தோரணம் கட்டியிருந்தது. சிந்தாமணியைப் படித்து நிறைவு செய்த நாள் அது என்றனர். தமிழ்நாட்டுப் புலவர் பலர் பெயரளவில் அறிந்த காப்பியத்தை ஒரு சிறு சமூகத்தார் இல்லங்களில் வழிபாடு போல ஓதிவந்தனர். சந்திரநாத செட்டியார் போன்றோர் ஐயரின் ஐயங்களைப் பொறுமையோடு தீர்த்தனர். 1887இல் பதிப்பு வெளிவந்தது. சைவ மரபினர் ஒருவர் மாற்றுச் சமயத்தார் வீட்டில் மாணவராக அமர்ந்தார்; அவ்வீட்டாரும் பிறர் என ஒதுக்காமல் கற்பித்தனர். உணவு, அடைக்கலம், மருந்து, சாத்திரம் என்னும் நால்வகைத் தானத்துள் சாத்திர தானம் அங்கு நிகழ்ந்தது. இருபாலார் பணிவும் சேர்ந்ததன் பயனே தமிழர் கைகளில் இன்றுள்ள சிந்தாமணி.

இன்று அதே ஐயத்தோடு ஓர் ஆய்வாளர் வந்து கதவைத் தட்டினால் விடை கூற யார் உளர்? வந்தவாசி, ஆரணி, திண்டிவனம், செஞ்சி வட்டாரச் சிற்றூர்களிலிருந்து பல குடும்பங்கள் பெருநகரங்களுக்கும் அயல்நாடுகளுக்கும் பெயர்ந்துள்ளன. பூட்டிய வீடுகளின் பரணில் சுவடிகள் இருக்கக்கூடும். அவற்றை ஒளிப்படமாக்கும் கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உள்ளது. தொழில்நுட்பத் தடை பெரும்பாலும் நீங்கிவிட்டது. ஆனால் ஸ்ரீபுராணம் போன்ற மணிப்பிரவாள நூலைக் கிரந்த எழுத்தோடு கூட்டிப் படிப்போர் குறைந்து வருகின்றனர். எந்தப் பாட்டை எந்த நோன்பில் எந்த இசையில் ஓதுவது என்பது பாட்டிமார் நினைவில் மட்டும் உள்ளது. படம் எழுத்தைக் காக்கும். ஓதும் முறையைக் காக்காது.

ஆதலின் ஒவ்வொரு குடும்பமும் செய்தற்குரியவை மூன்று. முதலாவது, வீட்டிலுள்ள சுவடி, பழைய அச்சுநூல், கையெழுத்துப் படி ஆகியவற்றைப் படமெடுத்து, அவை எவ்வூரில், எவர் வழியாக வந்தன என ஒரு தாளில் எழுதி வைத்தல். ஃபூட் கல்லுக்குச் செய்ததும் இதுவே. இரண்டாவது, முதியோர் ஓதுவதையும் பொருள் கூறுவதையும் ஒலிப்பதிவு செய்தல். இதனை நாளைக்கு எனத் தள்ளுதல் ஆகாது, முதுமை காத்திராது. மூன்றாவது, ஆய்வாளர் வருங்கால் ஐயுற்று விலக்காமலும், மூலத்தைக் கைவிட்டு ஒப்படைக்காமலும், அருகமர்த்திக் கற்பித்தல். அவர் எழுதியதன் படியொன்றைக் கேட்டுப் பெறுதல். பிழை இருப்பின் பண்போடு சுட்டுவதும் சாத்திர தானத்தின் ஒரு பகுதியே.

ஆய்வு பல்கலைக்கழகத்தின் பெருவழியில் ஏறி வரட்டும். அவ்வழி அடைபடும் இடம் ஒன்று வரும். அப்போது இல்லங்களிலிருந்து தொடங்கும் சிறுவழி திறந்திருத்தல் வேண்டும். குப்பனூர் வழியைப் புதர் மூடாமல் காப்பது அவ்வழியோரத்து ஊரார் கடமை. சுவடியின் பொருளை மறதி மூடாமல் காப்பது அதனைப் பெற்றிருக்கும் குடும்பத்தார் கடமை. இவ்விழா முடிந்து வீடு திரும்புவோர், அம்மாவிடமோ ஆத்தாவிடமோ ஒரு பாட்டை ஓதச் சொல்லிக் கேட்டு, அன்றே பதிவு செய்வாராயின் இவ்வுரை பயன்பெற்றதாகும்.

அறம் வளர்க.