ஒற்றறிதலும் இயந்திர அறிவும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மாரிக்குப்பத்திலிருந்து விடியலில் புறப்படும் வண்டியில் பெங்களூருக்குச் செல்லும் நம் பிள்ளைகளை, ரயில்வே எழுத்தராகிய நாம் நாள்தோறும் காண்கிறோம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பின், இக்காலனியின் பல இல்லங்களில் அடுப்பெரிவது அந்த வண்டியினால்தான். அப்பிள்ளைகளுள் சிலர் கணினி நிறுவனங்களில் காவற்பணி புரிகின்றனர். "கணினிக்கு என்ன காவல்?" என்று பெற்றோர் வினவுகின்றனர். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நாம், அப்பிள்ளைகளிடம் கேட்டறிந்ததை இங்கு உரைக்க விழைகிறோம்.

பகைவன் யார், எவ்வழி வருவான், எக்கருவியோடு வருவான் என முன்கூட்டி அறிந்து காப்பதே அவர்கள் தொழில். இது நமக்குப் புதிதன்று. ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராயுமாறு பணித்தார் அன்றோ?

நெல்லைச் சீமையின் கூடங்குளத்தை நோக்குவோம். 2019 செப்டம்பர் 4 அன்று, அங்குள்ள ஒரு கணினியில் தீநிரல் புகுந்துள்ளதாக நாட்டின் கணினி அவசரகால அமைப்பாகிய செர்ட்-இன் தெரிவித்தது. அணுசக்தித் துறை வல்லுநர்கள் உடனே ஆராய்ந்தனர். அது இணையத்தோடு இணைந்த நிர்வாகப் பிரிவுக் கணினி. உலையை இயக்கும் வலையமைப்போ தனித்து நின்றமையால் தீங்கு நேரவில்லை. ஆயினும் செய்தி வெளியே கசிந்தபோது, அக்டோபர் 29 அன்று, கட்டுப்பாட்டு அமைப்பின்மீது தாக்குதல் இயலாது என்று நிலையம் அறிவித்தது. மறுநாளே, தீநிரல் கண்டது உண்மை என அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. மதில் காத்தது, சொல்லில் நேர்ந்த தயக்கமே மக்கள் மனத்தில் ஐயத்தை விதைத்தது.

இன்று இன்னலின் வடிவம் வேறு. எச்சரிக்கைகள் மழைபோல் கொட்டுகின்றன. பெரும்பாலானவை வீண் கூச்சல். அவற்றிடையே மெய்யான ஒன்றைத் தவறவிட்டால் கேடு. ஆதலின் நிறுவனங்கள் செயற்கை நுண்ணறிவை நாடுகின்றன. அது நொடியில் பிரித்துத் தருகிறது, களைப்பறியாது. ஆனால் இல்லாததையும் உள்ளதுபோல் உறுதியாக உரைக்கும். அதனிடம் ஒப்புவித்த இரகசியம் எங்கு சென்று சேருமோ என்ற அச்சமும் உண்டு. பகைவனுக்கும் அதே கருவி கிட்டிவிட்டது. பிழை மலிந்த நடையைக் கண்டே போலிக் கடிதத்தை இனங்கண்ட காலம் மலையேறிற்று.

நம் முன்னோர் இதை வேறு வடிவில் அறிந்தவர்கள். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சாம்பியன் ரீப் சுரங்கத்தில் பாறை வெடித்து உயிர் குடித்தது. அதிர்வைப் பதியக் கருவிகள் வைத்தனர். தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் 1988-இல் இங்கேயே தோன்றிற்று. கருவி அதிர்வைப் பதியும். அதன் பொருளை ஆராய்ந்து ஆட்களை மேலேற்றச் சொல்வது மனிதன் கடமை. கணினிக் காவலுக்கும் இதுவே நெறி.

இறுதியாக ஒன்று. சென்ற ஆண்டு மின்கட்டணம் பற்றிய போலிக் குறுஞ்செய்தியை நாமே நம்பினோம். வெட்கத்தால் ஒரு பகல் முழுதும் இல்லாளிடமும் மறைத்தோம். அந்தப் பகலில்தான் மகளின் கல்லூரிக்கென வைத்திருந்த சேமிப்பில் ஒரு பங்கு போயிற்று. உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்திருந்தால் மீட்க வழி இருந்திருக்கலாம். தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்குமாறு நிறுவனங்களுக்குச் செர்ட்-இன் 2022-இல் விதித்த ஆணையின் பொருள் அன்றுதான் நமக்கு விளங்கிற்று.

ஆகவே பெற்றோர்களே, பிழையைச் சொல்லிவரும் பிள்ளையைக் கடியாதீர். இளைஞர்களே, ஏமாந்ததை மறையாதீர். எந்த இயந்திரமும் நமக்காக உண்மையை ஒப்புக்கொள்ளாது. அதை நாமே செய்தல் வேண்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!